எண்பதாயிரம் ரூபாயில் ஒரு விளையாட்டுக் கணினி

2023ஆம் ஆண்டு மே மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையின் முடிவுகள் வெளிவந்து, செங்கற்பட்டில் என் தங்கையின் வீட்டில் அதைப் பற்றிய கவலை ஒருவாறு தீர்ந்த பிறகு, அவளுடைய மூத்த மகள் தன் தகப்பனாரிடம் முன்பே பெற்றுவைத்திருந்த ஒரு வாக்கை நிறைவேற்றித் தரும்படி கேட்டாள். கணினி விளையாட்டுகளுக்கென்றே அமைந்த நல்ல யந்திரம் ஒன்று வேண்டும் என்பது அவளுடைய நெடுநாளைய விருப்பம். பரீட்சை முடியட்டும், வாங்கித் தருகிறேன் என்பது அவர் தந்திருந்த வாக்கு. என் தங்கையின் கணவர் சொன்ன சொல் மாறாதவர். அதே சமயத்தில், மாதச் சம்பளத்தில் சீட்டுக் கட்டியே வீடு கட்டி முடித்தவராதலால், எந்தச் செலவுக்கும் முதலில் எல்லை வகுத்துக்கொள்ளும் வழக்கமுடையவர். ஆகவே அவர் 80,000 ரூபாயை எடுத்து வைத்து, மானிட்டர், கீபோர்டு, யூபிஎஸ் உட்பட யாவும் இதற்குள் அடங்க வேண்டும் என்றும், இதற்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை என்றும் சொல்லி, வாங்கித் தரும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்.

என்னிடம் ஒப்படைத்ததற்குக் காரணம் உண்டு. கணினி என்பது அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் மட்டுமே பெரும்பாலும் காணப்பட்ட 1998ஆம் வருஷத்தில், சென்னை ரிச்சி தெருவில் உதிரிப் பாகங்களைத் தனித்தனியே வாங்கி, ஏஎம்டி கே6-2 பிராசஸரும் 32 மெகாபைட் ராமும் 4.3 ஜிகாபைட் ஹார்ட் டிஸ்க்கும் கொண்ட ஒரு கணினியைச் சைதாப்பேட்டையில் என் வீட்டு மேஜையின்மேல் நானே அசெம்பிள் செய்தேன். அந்த நாள் முதல் உறவினரிலும் அலுவலக நண்பர்களிலும் யாருக்குக் கணினி தேவைப்பட்டாலும், அவர்களோடு அந்தத் தெருவுக்குப் போய், கடை கடையாக விலை விசாரித்து, நல்ல பொருளாகப் பார்த்து வாங்கித் தருவது எனக்கு மிகுந்த சந்தோஷம் தரும் காரியமாக இருந்துவந்தது. ஆனால் அவர்கள் கேட்டவை எல்லாம் கடிதம் தட்டவும் கணக்கு எழுதவும் பிள்ளைகள் பாடம் படிக்கவும் உதவும் கணினிகள். விளையாட்டுக்கென்றே ஒரு கணினியை, அதுவும் வரையறுத்த ஒரு தொகைக்குள், தேர்ந்தெடுக்கும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது இதுவே முதல் முறை.

வாக்குக் கொடுத்திருந்தாலும் மாப்பிள்ளையின் மனத்தில் ஒரு சஞ்சலம் இருந்தது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் சட்டம் அந்த வருஷம் ஏப்ரல் மாதத்தில்தான் தமிழ்நாட்டில் அமலுக்கு வந்திருந்தது. ரம்மி ஆட்டத்தில் பணத்தைப் பறிகொடுத்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றிய செய்திகள் அதற்கு முன்பு பல மாதங்களாகப் பத்திரிகைகளில் வந்தவண்ணம் இருந்தன. "மச்சான், நாமே காசு குடுத்து அந்த வினைய வீட்டுக்குள்ள கொண்டாந்து வைக்கிறோமோன்னு இருக்கு" என்று அவர் என்னிடம் தனியே சொன்னார். பணத்தைப் பந்தயமாக வைக்கும் சூதும், கண்ணும் கையும் புத்தியும் ஒருமித்துப் பழகவேண்டிய விளையாட்டும் வெவ்வேறு ஜாதி என்பதை நான் அவருக்கு நிதானமாக எடுத்துச் சொன்னேன். முந்தின வருஷம் அவர்களுடைய மாவட்டத்திலேயே, மாமல்லபுரத்தில், செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது பிள்ளைகளை உற்சாகமாக அழைத்துச் சென்றவர் அவர். அந்த ஆட்டத்தால் என்ன பிரயோஜனம் என்று அப்பொழுது அவரும் கேட்கவில்லை, வேறு ஒருவரும் கேட்கவில்லை என்பதையும் ஞாபகப்படுத்தினேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்படின்னா படிப்புக்கும் உதவும்னு சொல்லிக்கலாம்ல மச்சான்?" என்று கேட்டார்.

அதற்கு நான் பதில் சொல்வதற்குள், உள்ளேயிருந்து வந்த அந்தப் பெண், "வேணாம்ப்பா. நான் சேரப்போறது பி.காம். அதுக்கு வீட்ல இருக்கிற பழைய லேப்டாப்பே போதும். இது வெளையாடத்தான். அப்படிச் சொல்லியே வாங்கலாம்" என்றாள்.

இந்த வார்த்தை என் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. பெண் பிள்ளை ஒருத்தி, தான் வேண்டுவது இன்னதுதான் என்று தகப்பனாருக்கு முன்னால் மறைவின்றிச் சொன்னதில் உள்ள துணிவு ஒரு பக்கம் இருக்க, வாங்கும் காரியத்துக்கே அது எவ்வளவு பெரிய உதவி என்பதைப் பின்னால் கண்டேன். நம்முடைய வீடுகளில் பெரும்பாலும் கணினி படிப்பின் பெயரால்தான் நுழைகிறது. பையன் மனத்தில் நினைப்பது விளையாட்டு. தகப்பனாரிடம் சொல்வது படிப்பு. தகப்பனார் கடைக்காரரிடம் கேட்பது இரண்டுக்கும் பொதுவாக 'நல்ல கம்ப்யூட்டர்'. நோக்கம் மூன்று இடங்களில் மூன்று விதமாகச் சொல்லப்பட்ட பிறகு, பணம் மாத்திரம் எப்படிச் சரியான இடத்தில் போய்ச் சேரும்? தொகைக்கு எல்லை உண்டென்றால், நோக்கமும் அதே அளவுக்குத் திட்டமாகவும் சத்தியமாகவும் சொல்லப்பட வேண்டும். அந்தக் கோடையில் நான் கற்றுக்கொண்ட பாடம் இதுவே. இனி எழுதப்போகும் விவரங்கள் யாவும் இதற்கு உதாரணங்களே.

நோக்கம் தெரிந்ததும் விசாரணை சுலபமாயிற்று. என்னென்ன விளையாடப் போகிறாய் என்று அவளைக் கேட்டேன். சிநேகிதியின் வீட்டில் பழகியிருந்த வேலரண்ட், 2022இல் வெளிவந்த எல்டன் ரிங், அதற்குச் சில வருஷங்கள் முந்தின ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 என்று மூன்றைச் சொன்னாள். இவை ஒரே ரகத்தவை அல்ல. வேலரண்ட் என்பது ஐவர் ஐவராகப் பிரிந்து சுடும் போட்டி ஆட்டம். அதில் காட்சி எளிமையானது, கணினிக்கு அதிகச் சுமை தராதது. ஆனால் எதிரி மூலையிலிருந்து வெளிப்படும் கணத்தைக் கண் எவ்வளவு விரைவில் காண்கிறது என்பதே வெற்றி தோல்வியை நிர்ணயிப்பது. மற்ற இரண்டும் விசாலமான உலகங்களை நாம் நிதானமாகச் சுற்றிப் பார்க்கும்படி சிருஷ்டித்து வைத்திருப்பவை. புல்லும் பனியும் குதிரையின் வியர்வையும் தெரியும்படி தீட்டப்பட்ட அந்தக் காட்சிகளுக்குத்தான் கணினியின் பலம் முழுவதும் வேண்டும். அதிலும் எல்டன் ரிங், எத்தனை விலையுயர்ந்த கணினியானாலும், வினாடிக்கு 60 படங்களுக்கு மேல் காட்டாதபடி வரம்பு கட்டப்பட்டது. ஆகவே, முதல் ஆட்டத்தில் படங்கள் மிக வேகமாக மாற வேண்டும், மற்ற இரண்டிலும் வினாடிக்கு 60 படங்களாவது தடங்கலின்றி ஓட வேண்டும் என்று எங்கள் தேவையை ஒரு தாளில் எழுதிக்கொண்டோம்.

அதன்பின் நாங்கள் முதலில் தீர்மானித்தது மானிட்டர். கணினி வாங்குவோர் பிராசஸரில் தொடங்கி, மிச்சமிருக்கும் பணத்துக்கு ஏதோ ஒரு மானிட்டரை வாங்குவதே வழக்கம். ஆனால் கணினி செய்யும் வேலை எவ்வளவு என்பதைத் திரையே நிர்ணயிக்கிறது. முழு எச்டி எனப்படும் திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 என்று 20 லட்சத்து 73 ஆயிரத்துச் சொச்சம் புள்ளிகள் இருக்கின்றன. 4கே திரையில் அதைப்போல் நான்கு மடங்கு, அதாவது ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தைக் கணக்கிட்டு வினாடிக்கு 60 முறையோ அதற்கு மேலோ தீட்ட வேண்டியிருக்கும்போது, திரையின் புள்ளிகள் கூடக் கூட, அதை இயக்கும் செலவும் மடங்கு மடங்காக ஏறுகிறது. மேஜையின்மேல் கையெட்டும் தூரத்தில் வைத்துப் பார்ப்பதற்கு 24 அங்குல முழு எச்டி திரை கண்ணுக்கு நிறைவானது. எங்கள் தொகைக்கும் அதுவே பொருந்துவது. ஆனால் சாதாரண மானிட்டர் வினாடிக்கு 60 முறை மாறுவதென்றால், 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் 165 முறை மாறும். முன்னதில் ஒரு படம் 16.7 மில்லி வினாடி நிற்க, பின்னதில் ஏறக்குறைய 6 மில்லி வினாடியே நிற்கிறது. போட்டி ஆட்டத்துக்கு இந்த வித்தியாசம் பிரத்தியட்சமானது. ஆகவே புள்ளிகளை மிதமாகவும் வேகத்தை அதிகமாகவும் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

அடுத்தது கிராஃபிக்ஸ் கார்டு. விளையாட்டுக் கணினியில் பிரதான ஸ்தானம் இதற்கே. பிராசஸரில் ஆறோ எட்டோ கோர்கள் இருந்து, ஒவ்வொன்றும் சிக்கலான காரியங்களை ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து செய்கின்றன. கிராஃபிக்ஸ் கார்டிலோ ஆயிரக்கணக்கான சிறு கணிப்பான்கள் ஒரே சமயத்தில் ஆளுக்கொரு புள்ளியாகக் கணக்கிடுகின்றன. நாங்கள் பின்னர் வாங்கிய ஆர்எக்ஸ் 6600 கார்டில் அத்தகையவை 1,792 இருக்கின்றன. நான் முதல் கணினியை அமைத்த காலத்தில் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டுகள் உலகெங்கும் பிரசித்தி பெற்றிருந்தும், அதற்குச் செலவழிக்க எனக்கு வசதி இல்லாதிருந்தது. 1999இல் என்விடியா நிறுவனம் ஜீஃபோர்ஸ் 256 கார்டை வெளியிட்டு, அதை உலகத்தின் முதல் ஜிபியு என்று விளம்பரம் செய்தபோது, அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்துத் திருப்தியடைந்ததோடு சரி.

கிராஃபிக்ஸ் கார்டின் விலையைப் பற்றிச் சொல்லும்போது, அவள் இப்படியொரு கணினியை முதன்முதலாகக் கேட்ட 2021ஆம் வருஷத்தை நினைக்காமல் இருக்க முடியாது. கொரோனாவினால் சிப்களுக்கு உலகம் முழுவதும் பஞ்சம் உண்டாயிற்று. அதே காலத்தில், எதீரியம் என்ற மின்னணு நாணயத்தை ஈட்டும் 'சுரங்க' வேலைக்காகக் கார்டுகளைக் கட்டுக்கட்டாக வாங்கி இரவும் பகலும் ஓட்டியவர்கள் பெருகினார்கள். கார்டுகள் குறித்த விலையைப்போல் இரண்டு மடங்குக்கும் விற்ற நாட்கள் அவை. 2022 செப்டம்பர் 15ஆம் தேதியன்று எதீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டு, அந்தச் சுரங்க வேலைக்குக் கார்டுகளே தேவையில்லை என்று ஆக்கிய பிறகு, விலைகள் படிப்படியாக இறங்கின. சுரங்கத்தில் உழைத்த பழைய கார்டுகளும் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. பரீட்சை முடியட்டும் என்று அவள் காத்திருந்த இரண்டு வருஷமும், அவளுடைய தகப்பனார் அறியாமலே, அவருடைய பணத்தின் மதிப்பைக் கூட்டித் தந்தது.

தாளும் கணக்குமாக ஒரு நாள் காலை மெட்ரோ ரயிலில் அரசினர் தோட்டத்தில் இறங்கி, அவளை ரிச்சி தெருவுக்கு அழைத்துச் சென்றேன். வானொலி, டேப்ரிக்கார்டர் உதிரிகள் விற்ற கடைகளை நான் கண்ட தெரு அது. இன்று நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிபு தெரு என்று அக்கம்பக்கமெல்லாம் பரவி, ஓர் ஆள் அகலமே உள்ள கடைகளும், மாடிப்படிக்குக் கீழே சால்டரிங் வேலை செய்பவர்களும், அட்டைப்பெட்டிகளைச் சுமந்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு போகும் தள்ளுவண்டிகளுமாக நிறைந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலான கடைகள் அடைப்பு. மற்ற நாட்களில் காலை பதினொரு மணிக்கு முன்னால் போவது வீண்.

முதலில் நுழைந்த கடையில், எண்பதாயிரம் என்ற தொகையை மாத்திரம் கேட்டுக்கொண்டு, என்ன தேவைக்கு என்று விசாரிக்காமலே ஓர் இளைஞர் கொட்டேஷன் போட்டார். ஐ-7 ரகப் பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3050 கார்டு, 16 ஜிபி ராம் ஒரே துண்டாக, 500 ஜிபி எஸ்எஸ்டி, மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் சேர்ந்தே வரும் வண்ண விளக்குக் கேபினெட், 75 ஹெர்ட்ஸ் மானிட்டர். தொகையும் எல்லைக்குள்ளேயே இருந்தது. "ஐ-செவன் சார், இனிமே பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பாக்க வேணாம்" என்றார். 'பில் வேண்டாமென்றால் இன்னும் குறைத்துத் தரலாம்' என்றும் சொன்னார். பில் இல்லாத பொருளுக்கு உத்தரவாதமும் இல்லை என்பதால் அந்த யோசனையை அங்கேயே விலக்கினேன். கொட்டேஷனை என் மருமகள் வாங்கி, எங்கள் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்து, "மாமா, பணம் பூரா பிராசஸருக்கே போயிருக்கு" என்றாள். உண்மை அதுவே. ஏரி எவ்வளவு பெரிதானாலும் மடை விடுகிற தண்ணீர்தானே வயலுக்கு வரும்? ஆறு கோர்களே போதுமான ஆட்டங்களுக்குப் பெரிய பிராசஸரை வாங்கிவிட்டு, படம் தீட்டும் கார்டில் குறைத்துவிட்டால், வேகமாகக் கணக்கிட்ட பிராசஸர் கார்டு தீட்டி முடிக்கும்வரை காத்துக்கொண்டிருக்க வேண்டும். படிப்புக்காக வாங்குகிறோம் என்று சொல்லிக்கொண்டு போயிருந்தால், ஐ-7 என்ற பெயரே அந்த வீட்டுக்குத் திருப்தியளித்திருக்கும்.

வெளியே வந்து, ஒரு டீக்கடை வாசலில் நின்றபடியே எங்களுடைய விவாதத்தை நடத்தினோம். எங்களுக்கு முன் இரண்டு கார்டுகள் இருந்தன. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 ஏறக்குறைய 21,500 ரூபாய். 8 ஜிபி நினைவகமும் 132 வாட் மின்தேவையும் உடையது. முதல் கடைக்காரர் போட்ட ஆர்டிஎக்ஸ் 3050க்கு விலையில் நெருங்கியதாயினும், முழு எச்டி ஆட்டங்களில் அதைவிடத் தெளிவாகவே வேகம் மிக்கது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 அதைவிட ஆறாயிரம் அதிகம். 12 ஜிபி நினைவகமும், ஒளிக்கதிர்களைப் பின்தொடர்ந்து நிழலும் பிரதிபலிப்பும் தீட்டும் ரே டிரேசிங்கில் மேலான திறமையும், குறைந்த புள்ளிகளில் தீட்டிய படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ் என்ற சௌகரியமும், பிளெண்டர் முதலிய சித்திர மென்பொருள்களில் நல்ல வேகமும் அதற்கு உண்டு. நான் பின்னதன் பக்கம் சாய்ந்து, "நாளைக்கு அனிமேஷன் கத்துக்கணும்னு தோணினா உதவுமே, அம்மா" என்றேன். "கத்துக்கணும்னு தோணுறப்ப பாத்துக்கலாம் மாமா. இப்ப அந்த ஆறாயிரத்த இதுல போட்டா மானிட்டர்ல குறைக்கணும்" என்று அவள் சொன்னாள். சொன்ன நோக்கத்தைவிட்டு ஓர் அங்குலமும் விலகாத அந்தத் தெளிவைக் கண்டு, அதற்குமேல் நான் ஆக்ஷேபணை சொல்லவில்லை. சுரங்கத்தில் உழைத்த பழைய கார்டு ஒன்று பாதி விலைக்குக் கிடைப்பதாகப் பக்கத்தில் நின்றவர் ஒருவர் சொன்னார். மூன்று வருஷ உத்தரவாதத்தோடு புதியது கைக்கெட்டும் விலையில் இருக்கும்போது அது வேண்டாம் என்று இருவரும் ஒரே குரலில் தீர்மானித்தோம்.

பிராசஸர், மதர்போர்டு விஷயத்தில் இன்னும் நுட்பமான ஒரு தேர்வு இருந்தது. ஏஎம்டி நிறுவனம் முந்தின வருஷம் செப்டம்பரில் பிராசஸரைப் பொருத்துவதற்கு ஏஎம்5 என்ற புது சாக்கெட்டைக் கொண்டுவந்திருந்தது. அதற்கு டிடிஆர்5 ராம் மட்டுமே பொருந்தும். போர்டும் ராமும் அன்றைக்கு விலை அதிகம். 2017 முதல் ரைசன் பிராசஸர்களைத் தாங்கிவந்த ஏஎம்4 சாக்கெட்டோ தன் கடைசிக் காலத்தில் இருந்தது. ஆனால் ஆறு கோர்கள் கொண்ட ரைசன் 5 5600 பிராசஸர், கூலரும் சேர்ந்து, 13,000 ரூபாய்க்குக் கிடைத்தது. புது சாக்கெட்டை நாடினால் பிற்காலத்தில் மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம் என்பது மெய்தான். எனினும், அதற்காக இன்று கார்டிலோ மானிட்டரிலோ பத்தாயிரத்தைக் குறைத்தால், வராத நாளுக்காக வந்த நாளை இழப்பதாக முடியும். அன்றியும், ஏஎம்4 போர்டிலேயே, பின்னொரு நாள் விலை இறங்கும்போது, விளையாட்டில் பெயர் பெற்ற 5800எக்ஸ்3டி வரையில் ஏறிக்கொள்ளலாம் என்பது அன்றைய எண்ணம். பி550 ரகப் போர்டை எடுத்ததற்கும் காரணம் உண்டு. ஆர்எக்ஸ் 6600 கார்டு எட்டு லேன்களே உடையது. அதன் முழு வேகத்துக்கு நான்காம் தலைமுறைப் பிசிஐஇ இணைப்பு வேண்டும். மலிவான பி450 போர்டு மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிடும்.

இனி எஸ்எம்பிஎஸ். எவருக்கும் கண்ணில் படாத இந்தப் பெட்டியைப் பற்றி எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. கேபினெட்டோடு இனாமாக வரும் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ், 450 வாட் என்று மேலே அச்சடித்துக்கொண்டு அதில் பாதியைக்கூடத் தாங்க மாட்டாமல், ஒரு கோடையிரவில் மின்னழுத்தம் ஏறி இறங்கியபோது தானும் எரிந்து, போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்து அழித்துவிட்டதை அலுவலக நண்பர் ஒருவர் வீட்டில் நான் கண்டிருக்கிறேன். எங்களுடைய கார்டுக்கு 132 வாட், பிராசஸருக்கு 65 வாட் என்பது கணக்கு. அந்தக் கார்டுக்கு ஏஎம்டி சொல்லும் குறைந்த அளவு 450 வாட். நாங்கள் 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை பெற்ற 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றை 4,500 ரூபாய்க்கு எடுத்தோம். அந்த முத்திரை, பாதிச் சுமையில் 85 சதவீதத்துக்குக் குறையாத மின்சாரம் வெப்பமாக வீணாகாமல் வேலைக்குப் போய்ச்சேர வேண்டும் என்று வகுக்கிறது. செங்கற்பட்டின் கோடையை உத்தேசித்து, முன்பக்கம் கண்ணாடியால் மூடியதை விட்டு, வலையடைப்பும் விசிறிகளும் உள்ள கேபினெட்டைத் தேர்ந்தோம். காற்றுப் போகாத பெட்டியில் எந்தக் கார்டும் தன் முழு வேகத்தைத் தராது. மின்சாரம் திடீரென்று நின்றாலும் ஒழுங்காக நிறுத்துவதற்கு அவகாசம் வேண்டும் என்பதால், 1000 விஏ அளவுள்ள யூபிஎஸ் ஒன்றும் சேர்ந்தது.

ராமை 16 ஜிபி ஒரே துண்டாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்கினோம். இரண்டு வழிகளில் பிராசஸர் ஏககாலத்தில் நினைவகத்தை எட்டும்போது ஆட்டங்களின் வேகம் தெரியும்படி உயர்கிறது, விலையோ ஏறக்குறைய ஒன்றுதான். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 ஒன்றுக்கே 150 ஜிபி இடம் வேண்டியிருப்பதால், எஸ்எஸ்டியை 1 டிபி என்று வைத்துக்கொண்டோம். கடைசியில் வேறொரு கடையில், எல்லாவற்றுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டியோடு பில் போட்டபோது, பிராசஸர் 13,000, போர்டு 9,500, ராம் 3,600, கார்டு 21,500, எஸ்எஸ்டி 4,500, எஸ்எம்பிஎஸ் 4,500, கேபினெட் 4,000, மானிட்டர் 11,500, கீபோர்டும் மவுஸும் 2,500, யூபிஎஸ் 5,000 என்று, மொத்தம் 79,600 ரூபாய் ஆயிற்று. மிஞ்சிய 400 ரூபாயை அவள் தன் தகப்பனாரிடம் திருப்பிக் கொடுத்தாள். விண்டோஸ் உரிமத்தை மாத்திரம் அந்தக் கணக்கில் சேர்க்க நான் சம்மதிக்கவில்லை. பரீட்சை தேறிய மருமகளுக்குத் தாய்மாமன் சீராக அதை நானே வாங்கித் தந்தேன்.

அசெம்பிள் செய்யும் வேலையைக் கடையிலேயே முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். அவளுக்கு அதில் விருப்பமில்லை, எனக்கும் இல்லை. மறுநாள் செங்கற்பட்டில் கூடத்து மேஜையில் துணியை விரித்து, ஒவ்வொரு பாகமாக நான் சொல்ல அவளே பொருத்தினாள். ஏஎம்4 பிராசஸரின் அடியில் ஊசி முனைகளாக 1,331 பின்கள் இருக்கின்றன. மூலையிலுள்ள பொன்னிற முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி, அழுத்தாமல், தன் எடையிலேயே அது இறங்கும்படி விட வேண்டும். ஒரு பின் வளைந்து ஒடிந்தாலும் பதின்மூவாயிரம் ரூபாய் வீணாகிவிடக்கூடும். அவளுடைய தகப்பனார் மூச்சுக் காட்டாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருக வேண்டும் என்பதையும், ராம் தன் 3200 வேகத்தில் ஓட பயாஸில் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்க வேண்டும் என்பதையும், மானிட்டர் 165 ஹெர்ட்ஸ் உடையதானாலும் விண்டோஸில் அதைத் தேர்ந்தெடுக்காத வரையில் 60இலேயே நின்றுவிடக்கூடும் என்பதையும் நான் விளக்கினேன். விலை கொடுத்து வாங்கிய வேகத்தைக் கேட்டுப் பெறாமலே வருஷக்கணக்கில் விளையாடும் வீடுகள் பல உண்டு.

எல்டன் ரிங் எல்லைக் கோட்டான 60 படங்களில் அசையாமல் நின்றது. வேலரண்ட் மானிட்டரின் 165ஐயும் தாண்டிச் சென்றது. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, அமைப்புகளைச் சிறிது மிதப்படுத்தியதும், 60க்குக் குறையாமல் ஓடியது. மாப்பிள்ளை சில நாட்களில், அவள் குதிரையேறி மலைச்சரிவில் போகும் காட்சியைப் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டு பார்க்கத் தொடங்கினார். அவள் பி.காம். படிப்பில் சேர்ந்து ஒழுங்காகவே படித்தாள். விளையாட்டு விளையாட்டாகவே இருந்ததால், அது படிப்பின் நேரத்துக்குள் வேறு பெயரோடு நுழைய வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

இந்த அனுபவத்துக்குப் பின், கணினி வாங்க என்னை அழைக்கும் பெற்றோர்களிடம் நான் சொல்லுவது இதுதான். தொகையை நீங்கள் உறுதியாகச் சொல்லுங்கள். எதற்கென்று பிள்ளை உண்மையாகச் சொல்லும்படி இடங்கொடுங்கள். அந்த நோக்கத்துக்கு ஏற்ற திரையை முதலில் தீர்மானியுங்கள்; திரைக்கு ஏற்ற கார்டு, கார்டுக்கு ஏற்ற பிராசஸர், இவையெல்லாவற்றுக்கும் ஏற்ற எஸ்எம்பிஎஸ் என்று கிரமமாக வாருங்கள்; பெயருக்காக ஒன்றையும் வாங்காதீர்கள், பில் இல்லாமல் ஒன்றையும் வாங்காதீர்கள். விளையாட வேண்டும் என்ற ஆசை குழந்தைகள் ஒளித்துவைக்க வேண்டிய குற்றமல்ல. அதை வெளிப்படையாகச் சொல்ல முடிந்த வீட்டில் 2023இல் எண்பதாயிரம் ரூபாய் தாராளமாகப் போதுமானதாக இருந்தது.